வெந்நீரில் நிற்பவளுக்கான மருந்து

தென்கொரியாவின் மாசான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பொதுக் குளியலகத்தில் நான் பதினான்கு வருடமாகச் சீட்டுக் கொடுக்கிறேன். பெண்கள் பகுதியில் உடம்பு தேய்த்துவிடுகிறவர் குவாக் தொக்ஜா அக்கா. ஐம்பத்தெட்டு வயது. ஆள் குட்டை, தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவர்களுடையதைப் போல இருக்கும். மீன் சந்தைப் பெண்கள் வெந்நீர்த் தொட்டியில் ஊறிவிட்டு வந்து அவருடைய பலகையில் படுத்தால், சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து குதிகால்வரை அழுக்கைத் திரித்து எடுத்துவிடுவார். நாளைக்குப் பன்னிரண்டு பேர். கூட்டம் ஓய்ந்தால்தான் சாப்பாடு. அது மூன்று மணியும் ஆகும், நாலும் ஆகும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருடம். மாத்திரை போதாமல் போய் ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் கொடுக்கிற அச்சடித்த தாளை அவருக்கும் கொடுத்தார்கள். காலை ஏழுக்கு ஊசி, உடனே சாப்பாடு. பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாடு, பிறகு அரைமணி நேர நடை. மாலை ஆறுக்கு மறுபடி ஊசி. சொன்னதைக் கேட்கிற ஆள் அக்கா. தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, தொடையில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

நாலாவது நாள் பதினொன்றரை மணிக்கு, பாங் அக்காவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே அவர் மேல் சரிந்துவிட்டார். பாங் அக்கா சந்தையில் மீன் விற்கிறவர். அவர் குரல் படகுத்துறைவரை கேட்கும்.

"ஐயோ, செத்துட்டாடீ! யாராவது வாங்கடீ!"

நான் ஓடினேன். தொக்ஜா அக்காவுக்கு நினைவு இருந்தது. ஆனால் வேர்த்துக் கொட்டியது, கை வெடவெடத்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, விற்பனைக்கு வைத்திருந்த இனிப்பு அரிசிப் பானத்தை மெல்ல மெல்லக் குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். முதலில் கேட்டது, "அவங்களக் கீழ தள்ளிட்டேனா?" என்றுதான்.

"பலகையோட நசுக்கிட்டே. பெரிய பன்னி விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றார் பாங் அக்கா, அழுதுகொண்டே.

அதற்குப் பிறகு வேலை நாட்களில் தொக்ஜா அக்கா ஊசியைத் தொடவில்லை. எங்களுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை மட்டும் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை அளவு எங்கேயோ போயிருந்தது. டாக்டர் கணினியைப் பார்த்தபடியே, "சொன்னதைக் கேக்காம இருந்தா நான் என்னம்மா பண்றது? மருந்தைக் கூட்டித் தரேன்" என்றாராம். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தார். கூட்டிக் கொடுத்ததும் பெட்டியிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் சொக் யூன்ஹே என்ற செவிலியர் அந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். சர்க்கரை நோயாளிகளை உட்காரவைத்துப் பேசுவது அவர் வேலை. "காலைலேருந்து என்னென்ன பண்ணுவீங்க, சொல்லுங்கக்கா" என்று கேட்டதற்கு, தொக்ஜா அக்கா தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். பன்னிரண்டுக்குச் சாப்பிடுவேன், அரைமணி நேரம் நடப்பேன். யூன்ஹே மறுத்துப் பேசவில்லை. எங்கே வேலை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் என்னிடம் சீட்டு வாங்கினார், தேய்த்துவிடுவதற்கும் சேர்த்து. உடுப்பைக் கழற்றிவிட்டால் யார் செவிலியர், யார் மீன்காரி என்று எங்கள் இடத்தில் தெரியாது. முறைக்காகத் தொட்டியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். ஆறு பேரை அக்கா தேய்த்து முடிப்பதை அங்கிருந்தே பார்த்திருக்கிறார். பலகையில் வந்து படுத்தபிறகுதான் அக்காவுக்கு முகம் பிடிபட்டது.

"நீங்களா? வேவு பாக்க வந்தீங்களா?"

"முதுகு தேய்ச்சுக்க வந்தேன். நீங்க நிறுத்தாதீங்க."

அவர் குப்புறப் படுத்தபோது தலை பலகையின் விளிம்பைத் தாண்டி நின்றது. கண்ணுக்கு நேரே அக்காவின் கால்கள். நாள் முழுக்க நீரில் ஊறி வெளுத்த வலது குதிகாலில், உடைந்த தரை ஓட்டின் சில் கிழித்த ஒரு விரல் நீளப் பிளவு.

"அக்கா, இது எப்ப பட்டுச்சு?"

"எது?"

அக்கா காலைத் தூக்கிப் பார்த்தார். வலியே இல்லை. ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரிக்குக் காலுறையோடு போய் வந்தவரின் காலை, அந்தப் பலகையில் படுத்தவர்தான் முதலில் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குப் பயம், அதச் சொல்லுங்க மொதல்ல" என்று யூன்ஹே எழுந்து உட்கார்ந்து, ஈரத் துண்டோடு கேட்டார்.

அக்கா கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டினார். "கால் மரத்த மாதிரி கையும் மரத்துட்டா எங்க அழுத்தணும், எங்க விடணும்னு தெரியாது. அப்புறம் ஒருத்தங்க மேல விழுந்தது போதும். இன்னொரு தடவ என்னால முடியாது." ஊசி போடாமல் விட்டதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

யூன்ஹேவின் முதல் உத்தரவு, இரண்டு வாரம் தண்ணீரில் நிற்கக் கூடாது. அக்கா கத்தினார். "ரெண்டு வாரத்துல என் ஆளுங்க எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குளியலகத்துக்குப் போயிடுவாங்க!" சிலர் போகத்தான் செய்தார்கள். நான்கு பேர் திரும்பவே இல்லை.

புண் ஆறுவதற்குள் யூன்ஹே டாக்டரிடம் பேசி எல்லாவற்றையும் மாற்றினார். பழைய இரு வேளை ஊசி போயிற்று. சூட்டில் நின்று உடலை வருத்தினால் அது சீக்கிரம் ரத்தத்தில் இறங்கிவிடுமாம், தொடையில் போட்டால் இன்னும் வேகமாக. அதற்குப் பதில், நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஊசி ஒன்று, வீட்டுக்குப் போனபின் வயிற்றில். வேலை நாளுக்கு ஓர் அளவு, செவ்வாய்க்கிழமைக்கு ஓர் அளவு. மூன்று பேரைத் தேய்த்து முடிக்கும்போதெல்லாம் அரை உருண்டைச் சோறும் பாதி முட்டையும், நின்றபடியே என்றாலும் சரி. தாளிலிருந்த நடையை அடித்துவிட்டார். "இதுக்கு மேல இவங்க எங்க நடக்கறது?" என்று டாக்டரிடமே கேட்டாராம்.

சிக்கல் அரிசிப் பானத்தில் வந்தது. தேய்த்து முடித்ததும் ஆளாளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் தூக்கிக்கொள்வார்கள். யூன்ஹேவின் யோசனை, வாங்கிக்கொண்டு யாரிடமாவது கொடுத்துவிடுவது. அந்த யாரோ நான். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறினேன்.

காலுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, பாங் அக்கா சந்தையில் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து போட்டார். "போட்டுக்க. மீன் நாத்தம் அடிக்கும், ஆனா கால் இருக்கும்." உள்ளே பருத்திக் காலுறை, மதியம் ஒரு தடவை மாற்ற வேண்டும். முதல் நாள் தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் "கணவாய் கிலோ எவ்வளவு?" என்று கேட்டார்கள். அக்கா சளைக்காமல் விலை சொன்னார்.

ஆறு மாதத்தில் சராசரிச் சர்க்கரை அளவு ஏழரை சதவீதத்துக்கு வந்தது. புத்தகப்படி இன்னும் இறங்க வேண்டும் என்றார் டாக்டர். "இறக்கினா மறுபடி விழுவாங்க சார்" என்றார் யூன்ஹே. டாக்டர் கணினியிலிருந்து திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அக்காவையே கேட்டார்.

"எனக்கு ஏழரை போதும் டாக்டர்."

நாளைக்குப் பன்னிரண்டு பேர் இப்போது எட்டாகிவிட்டது. முதலில் அக்காவுக்கு அது தாங்கவில்லை. தோற்றுப்போன மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.   இப்போதெல்லாம் மதியம் ஒரு மணி நேரம் என் சீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். யாராவது கேட்டால், "அக்கா ரெண்டு மணிக்கு வருவாங்க" என்கிறேன். பெரும்பாலும் காத்திருக்கிறார்கள்.