ராஜியின் தொட்டிக்கு உப்புப் போடாதீர்கள்

ராஜி போய்விட்டாள் என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் உயிரியல் துறையின் கிளார்க். "மிஸ், ராஜேஸ்வரி மிஸ் காலையில மோசம் போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." நான் கதிரையில் உட்காருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "அந்த அட்டைத் தொட்டிய யாரு மிஸ் கழுவி ஊத்துறது? தலைவர் சேர் கேக்கச் சொன்னார்." சீ, என்ன மனுசர்கள்! அவள் உடம்பு இன்னும் அவள் ஊரான மடுல்கெல்லைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

அவளைத் தெரிந்த உங்களிடம் எனக்கென்ன மறைப்பு? அந்த அட்டைகளைக் கண்டால் அருவருப்பில் கண்ணை மூடிக்கொள்வேன். நான் படிப்பித்தது தாவரவியல். ஆனால் அறை ஒன்றுதான், என் மேசைக்குப் பக்கத்திலேயே அவளுடைய தொட்டி. காட்டு அட்டையாவது காலில் ஏறினால் தட்டிவிடலாம். இது மீன் அட்டை, நூல் மாதிரி மெல்லிசு, இரண்டு முனையிலும் உறிஞ்சி. மீனின் செதிலிலும் செவுள் பூவிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துக் குடித்துப் பெருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அவள் பாணும் சம்பலும் சாப்பிடுவாள். "எடி, உனக்குச் சத்தி வாந்தி வராதா?" என்று ஒருநாள் கத்தினேன். "அருவருப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்க்கா, கண்ண மட்டும் மூடாதீங்க" என்றாள்.

கம்பளைப் பக்கத்து ஓடை ஒன்றிலிருந்து கெண்டை மீன்களை வாளியோடு பஸ்ஸில் கொண்டுவருவாள். ஒருமுறை மூடி கழன்று பக்கத்துச் சீட்டுக்காரர் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் முழுக்க நாறிப்போனது. கூட்ஸ்ஷெட் பஸ் நிலையத்தில் அவர் ஏசிய ஏச்சை எனக்கு நடித்துக் காட்டிச் சிரித்தாள். அந்த அட்டை அந்தக் கெண்டையை மட்டும்தான் கடிக்கும். ஓடையிலோ கெண்டை அருகிக்கொண்டு வந்தது, வெளிநாட்டு மீனான திலாப்பியா பெருகிவிட்டது. கெண்டையே இல்லாமல் போனால் அட்டை புது மீனில் ஏறுமா, பட்டினி கிடந்து சாகுமா? ராஜிக்கு இதுதான் கேள்வி. "வீடு மாறத் தெரிஞ்ச அட்டைங்கதான்க்கா இத்தன யுகமாப் பொழச்சிருக்கு" என்பாள்.

இந்தத் தொட்டி முன்பும் ஒருமுறை பாழாகியிருந்தது. ராஜியின் அம்மா ஆயுள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மலைக்குப் போகும்போது அட்டைக்கென்று இடுப்பில் உப்புப் பொட்டலம் செருகிக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. மகள் வேலை செய்யுமிடத்தைப் பார்க்க வந்தவர், மீனில் அட்டை தொங்குவதைக் கண்டார். "பாவம்டி அந்த மீனு!" என்று பொட்டலத்தை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். அட்டைகள் சுருண்டு சளியாய் மிதந்தன. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ராஜி மீன்களை அவசரமாக நல்ல தண்ணீருக்கு மாற்றினாள், கல்லைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த முட்டைக்கூடுகளை உப்பு ஒன்றும் செய்யவில்லை. "எங்கம்மா மேல தப்பில்லக்கா. அதுங்க அவங்க கால்லயும்தானே குடிச்சிச்சு" என்றாள். அந்தக் கூடுகளிலிருந்து பொரித்த வம்சம்தான் இப்போது தொட்டியில் இருப்பது. போன மாதம் கெண்டைகளையெல்லாம் எடுத்துவிட்டு, அட்டைகள் புதிதாக இட்ட கூடுகள் ஒட்டிய கல்லோடு திலாப்பியாவை மட்டும் விட்டாள். பதில் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டில் எங்கள் துறைத் தலைவர் எழுந்து பேசினார். "அறிவுச் சுடர் அணைந்தது" என்றார். உயிரோடிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "அட்டைக்காரி" என்று கேலி செய்தவரும் இவரே. பேச்சு முடிந்ததும் என் காதருகே குனிந்து, "திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு கிலோ உப்பக் கொட்டித் தொட்டியக் காலி பண்ணிருங்க, போட்டோகொப்பி மெசின் வருது" என்றார். எந்த அட்டையிடமும் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த ராஜியின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பூச்சிங்க இருக்கா டீச்சர்? யாரையும் உப்புப் போட விட்டுறாதீங்க."

தொட்டியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வேறு இடமில்லை. என் மனுசன் அந்தப் பக்கமே வருவதில்லை. தண்ணீர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன். ராஜி எனக்கு விட்டுப்போனது இந்த நாற்றமும் வழுவழுப்பும், கண்ணை மூடாமல் இருக்கிற பழக்கமும்தான்.

நேற்றுக் காலை, நூலிழை போன்ற குஞ்சு ஒன்று திலாப்பியாவின் செதிலில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சத்தியெடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மடுல்கெல்லைக்கு போன் எடுத்தேன். "அம்மா, அட்டை ஒண்டு புது மீனில ஏறியிட்டுது" என்றேன்.

அம்மா கேட்டார்: "சாப்புட்டுச்சா டீச்சர்?"