பச்சைச் சேவல் அணியின் களத்து மேஸ்திரி

கோவில்பட்டியில் விளையாட்டு என்று சொன்னால் ஹாக்கி என்றுதான் பொருள். தெருவில் நான்கு சிறுவர்கள் கூடினால், வளைந்த வேலிக்கருவைக் கொம்பு ஒன்று எங்கிருந்தோ வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் கால்பந்து ஆடியவர்களை எவரும் தடுக்கவில்லை, பொருட்படுத்தவும் இல்லை. இசக்கிதுரை அவ்வாறு பொருட்படுத்தப்படாமலே பல ஆண்டுகள் ஆடியவர்.

அவருடைய பிறந்த ஊர் எப்போதும்வென்றான் என்ற கிராமம். மானாவாரிக் கரிசலில் கம்பும் பருத்தியும் அடுத்தடுத்துப் பொய்த்த ஒரு காலத்தில் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்பதில்லை. ஓட்டைக் கொட்டகையானாலும் அது ஆபீஸ்தான். குச்சிகளை மருந்தில் முக்கும் வேலையில் தொடங்கிய அவர், தொண்ணூறுகளின் நடுவில் களத்து மேஸ்திரி ஆகியிருந்தார். ஈரக் குச்சிகளையும், உரசுவதற்கான பக்க மருந்து தடவிய பெட்டிகளையும் வெயிலில் பரப்பிக் காயவைத்து உள்ளே சேர்ப்பது அவருடைய பொறுப்பு. அவருடைய மனைவி பொன்மணி அதே ஆபீசில் பெட்டி அடைத்தாள்.

மேஸ்திரியின் பொறுப்புக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. முதல் தூறல் விழுந்தால் ஓட வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும், துட்டி கேட்க இழவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து களத்துக்கு ஓட வேண்டும். மழை பட்டால் பக்க மருந்து கரைந்து வழிந்துவிடும். அதன்பின் அந்தப் பெட்டி அடுப்பெரிக்கத்தான் ஆகும். மேஸ்திரிக்கு மட்டுமல்ல, ஆபீசில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் இந்த ஓட்டம் உடம்போடு ஊறியிருந்தது. வெள்ளாமை பார்த்த சம்சாரிகள் மேகத்தைக் கண்டு கும்பிட்ட அதே கரிசலில் இவர்கள் மேகத்தைக் கண்டு ஓடினார்கள்.

ஆபீஸ், அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது. பெரிய முதலாளி வேல்சாமி கணக்கையும் சரக்கையும் பார்த்துக்கொண்டார். சின்ன முதலாளி முத்துகிருஷ்ணன் பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடிக்காமல், கால்பந்து ஆசையை மட்டும் முழுமையாகப் பெற்றுத் திரும்பியவர். ஆபீஸ் ஆட்களைக் கொண்டே ஓர் அணியை அமைத்தவர் அவர்தான். தீப்பெட்டி லேபிளில் இருந்த பச்சைச் சேவலே சட்டையிலும் ஏறியது. இசக்கிதுரை தலைவரானார்.

1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை என்பதால் ஊருக்குக் கேலி எளிதாயிற்று.

"இவிய சேவலு ஆட்டத்துக்கு ஆட்டம் முட்டை போடுதுடே" என்றார்கள் டீக்கடையில். "அண்ணாச்சி, ஒரு டசன் சேந்ததும் சொல்லுங்க, வாங்கிக்கிடுதோம்."

இசக்கிதுரை சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார். தோல்வி அவரை அரித்தது உண்மை. ஆனால், அணி இல்லாமல் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆறு நாளும் குனிந்தே வேலை பார்த்தவர்கள் ஞாயிறு மாலை நிமிர்ந்து ஓடினார்கள். ஆறு நாளும் 'ஏலே' என்று மட்டும் கூப்பிடப்பட்டவர்களை அந்த ஒரு பொழுதில் யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

1998ஆம் ஆண்டு கோவில் திருவிழாவை ஒட்டி, தூத்துக்குடியிலிருந்து வலுவான அணி ஒன்றை வரவழைத்துக் கோப்பை ஆட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு சின்ன முதலாளி இசக்கிதுரையைக் கூப்பிட்டார்.

"இசக்கி, அண்ணன் முடிவாச் சொல்லிட்டாவ. இதுலயும் தோத்தா டீம் கெடையாது. லேபிளுக்குக் கெட்ட பேருங்காவ."

"தோக்க மாட்டோம் மொதலாளி."

"ரெண்டு வருசமா இதத்தானல சொல்லுத?"

ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமையன்று ஆபீசுக்கு விடுமுறை. ஆயினும் மறுநாள் வடக்கே போகும் லாரிக்குச் சரக்கு ஆகவேண்டி, பக்க மருந்து தடவிய பெட்டிகளைக் களம் முழுக்கப் பரப்பச் சொல்லிவிட்டு வேல்சாமி மதுரைக்குப் போயிருந்தார். பொன்மணியையும் இன்னும் மூன்று பெண்களையும் காவலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டிகளை மூடும் தார்ப்பாய்களோ, ஆண்கள் நால்வர் சேர்ந்தால்தான் நகரும். இசக்கிதுரை சின்ன முதலாளியிடம் போய் நின்றார்.

"மொதலாளி, களத்துல ரெண்டு ஆம்பளையாள நிறுத்திட்டு வாரேன்."

"பதினோரு பேர்ல ரெண்டு பேர விட்டுட்டு என்னத்தல ஆடுவ? வானம் வெறிச்சுன்னு கெடக்கு. பேசாம வா."

வானம் அப்போது வெறிச்சென்றுதான் கிடந்தது.

திடலுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு ரயில் தண்டவாளமே இடைவெளி. சாமியானாவின் கீழ் போட்டிருந்த நாற்காலிகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியிலேயே தூத்துக்குடி அணி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு மேற்கே கருத்தது. புழுதி வாசனையோடு காற்று வீச, சட்டென்று பெரிய பெரிய துளிகள் விழுந்தன.

அப்போது நடந்ததை அந்த ஊரார் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் துளி மேலே பட்டதும் பச்சைச் சேவல் அணியின் ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பந்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தை நோக்கி ஓடினார்கள். எவரும் அவர்களை ஓடச் சொல்லவில்லை. அவர்களும் யோசித்து ஓடவில்லை. கோல்காவலர் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். எதிரணியினர் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, ஆளில்லாத கம்பங்களுக்கு நடுவே பந்தை மெதுவாக உருட்டிவிட்டார்கள். இரண்டாவது கோல்.

"எங்கலே ஓடுதீங்க?" சின்ன முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். "ஆட்டத்த ஆடுங்கலே! ஏலே இசக்கி, கூப்பிடு அவனுவள!"

இசக்கிதுரையின் கால்களும் இரண்டடி எடுத்து வைத்திருந்தன. அவர் நின்றார். தண்டவாளத்துக்கு அப்பால் ஆபீஸ் கூரை தெரிந்தது. பிறகு மற்றவர்களைப் பெயர் சொல்லித் திருப்பிக் கூப்பிட்டார்.

மழை வலுத்தது. நனைந்த கரிசல் மண் எப்படிப்பட்டது என்பது அதில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஓர் அடிக்கு ஒரு படி மண் ஒட்டும். ஆணி வைத்த பூட்சு அணிந்திருந்த தூத்துக்குடி ஆட்டக்காரர்களின் கால்களில் சிறிது நேரத்திலேயே பனங்காய் பருமனுக்கு மண் அப்பிக்கொண்டது. பச்சைச் சேவல்காரர்கள் கேன்வாஸ் ஷூக்களைக் கழற்றி எறிந்தார்கள். உள்ளூர் ஆட்டத்தில் வெறுங்காலுக்குத் தடையில்லை. ஈரக் கரிசலில் விரல்களை ஊன்றி ஓடுவது அவர்கள் பிறந்ததிலிருந்து செய்துவந்த காரியம். அவர்களுடைய முதல் கோலைச் சுடலைமணி என்ற இளைஞன் போட்டான். மருந்து முக்கும் பகுதியில் அவன்தான் சுறுசுறுப்பானவன். அடுத்ததும் அவனே. திடலில் கூச்சல் எழுந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் பொன்மணி வந்து சேர்ந்தாள். சேலை முழங்கால்வரை சேறாகியிருந்தது. எல்லைக்கோட்டில் நின்று கத்தினாள்.

"இந்தா, கேக்குதா? பெட்டி பூராவும் நனையுது! தார்ப்பாய இழுக்க எங்களால முடியல! நாலு பேரு வாங்க, ஏங்க!"

இசக்கிதுரை அவளைப் பார்த்தார். பிறகு சாமியானாவைப் பார்த்தார். சின்ன முதலாளிக்கும் அவள் குரல் கேட்டிருந்தது.

"பெட்டி கெடக்கட்டும்ல! இன்னும் ஒண்ணுதான் வேணும், ஆடு!"

"மொதலாளி, பெரிய மொதலாளி வந்து..."

"நான் பாத்துக்கிடுதேன். நீ ஆடு!"

பொன்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆடுங்க, நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பி ஓடினாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில், சேற்றில் புதைந்து நின்ற பந்தை இசக்கிதுரை இரண்டு பேருக்கு நடுவிலிருந்து தோண்டி எடுத்தாற்போல் எடுத்து உதைத்தார். அது அழகான உதை அன்று. கோல்காவலர் நகர முயன்றார், மண் விடவில்லை. மூன்றுக்கு இரண்டு.

அன்று மாலை டிராக்டரில் கோப்பையை வைத்து பஜாரைச் சுற்றி வந்தார்கள். சின்ன முதலாளியின் கழுத்தில் மாலை விழுந்தது. கடலை மிட்டாய் பெட்டி பெட்டியாகப் பிரிக்கப்பட்டது. கேலி செய்த டீக்கடைக்காரரே இசக்கிதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு ஆண்டுகளாகத் தலைகுனிந்து கடந்த தெருவை அவர் டிராக்டரின் மேல் நின்றுகொண்டு கடந்தார். வீட்டுக்கு வந்தபோது பொன்மணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய கைகளில் தார்ப்பாய்க் கயிறு அறுத்த காயம் இருந்தது.

திங்கட்கிழமை காலை வேல்சாமி களத்தின் நடுவில் நின்றார். பக்க மருந்து கரைந்து, கரிசல் மண்ணில் செம்பழுப்பாக ஓடிக் காய்ந்திருந்தது. பெட்டிகள் ஊறிக் கூழாகிக் கிடந்தன. லாரி வெறுமனே நின்றது. ஆட்கள் அனைவரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"களத்துக்கு மேஸ்திரி யாரு?" என்று வேல்சாமி கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நாந்தான் மொதலாளி."

"மழ பெஞ்சப்ப எங்கன இருந்த?"

இசக்கிதுரை சின்ன முதலாளியைப் பார்த்தார். முத்துகிருஷ்ணன் அண்ணனுக்குப் பின்னால், லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்ன மொதலாளிதான் ஆடச் சொன்னாவ" என்றார் இசக்கிதுரை.

"அப்படியா தம்பி?"

முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தார். அண்ணன் போட்ட மூலதனத்தில் பாதிப் பங்கை அனுபவித்தவர் அவர். அண்ணனுடைய பார்வையைச் சந்திக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "ஆடத்தான் சொன்னேன். களத்த அம்போன்னு விட்டுட்டு ஆடுன்னா சொன்னேன்? பொறுப்பு உள்ளவன் ஆள நிறுத்திட்டுல்லா வரணும்."

கூட்டத்திலிருந்து பொன்மணி முன்னால் வந்தாள். "பெட்டி கெடக்கட்டும்னு நீங்க சொன்னத எங்காதால கேட்டேனே மொதலாளி!"

"ஏட்டி, நீ போயி வேலையப் பாரு" என்றார் வேல்சாமி. "ஒன் சோலியும் போயிரப் போகுது."

அங்கே நின்ற ஆட்டக்காரர்கள் அனைவரும் சின்ன முதலாளி சொன்னதைக் கேட்டிருந்தார்கள். சுடலைமணி எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நின்று கேட்டவன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. அடுத்த சனிக்கிழமைக் கூலியை நம்பி அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது.

இசக்கிதுரை அன்றே வெளியே அனுப்பப்பட்டார். அணி கலைக்கப்படவில்லை. வென்ற அணியைக் கலைத்தால் லேபிளுக்கு நல்லதில்லை என்று வேல்சாமியே சொல்லிவிட்டார். சுடலைமணி தலைவனானான், சில வாரங்களில் களத்து மேஸ்திரியும் ஆனான். பொன்மணி வேலையை விடவில்லை, விட முடியவில்லை. கணவனின் இடத்தில் நின்ற இளைஞன் சொன்ன இடத்தில் பெட்டிகளைப் பரப்பினாள். களத்தைக் காப்பாற்றத் தவறியவர் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டதால் வேறு எந்த ஆபீசும் இசக்கிதுரையைச் சேர்க்கவில்லை. அவர் மணியாச்சிப் பக்கம் தண்டவாளத்தில் ஜல்லி அள்ளும் ஒப்பந்த வேலைக்குப் போனார். அந்த வேலையும் மாதத்தில் பாதி நாள் இருக்காது.

அடுத்த ஆண்டும் திருவிழா வந்தது; கோப்பை ஆட்டமும் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு சுடலைமணி, இசக்கிதுரையின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு சோலியா வந்தேன்."

"உள்ள வால."

"இல்ல, இங்கனயே சொல்லிருதேன். ஞாயித்துக்கெழம ஆட்டம். களத்துல பெட்டி கெடக்கும். மழ கிழ வந்தா தார்ப்பாய் போட நாலு ஆம்பளையாள் நிறுத்தணும்னு பெரிய மொதலாளி சொல்லிட்டாவ. மூணு பேரு கெடச்சிட்டாவ. அனுபவம் உள்ள ஒரு ஆள் வேணும்னாவ. சின்ன மொதலாளி ஒங்க பேரத்தான் சொன்னாவ." அவன் தரையைப் பார்த்தான். "ஒரு நாள் கூலிதான்."

பொன்மணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஏலே, ஒனக்கு வெக்கமா இல்ல? ஆட வாங்கன்னு கூப்புட வாயி வரல, காவலுக்கு வாங்கன்னு வந்துட்டியோ?"

"மயினி, நான் என்ன செய்ய? ஆபீஸ் ஆளுதான ஆடணும்?"

"போகாதீங்க" என்றாள் கணவரிடம். "பட்டினி கெடந்தாலும் போகாதீங்க."

இசக்கிதுரை "டீம்ல யாரு கோல் நிக்கா?" என்று கேட்டார்.

சுடலைமணி பெயரைச் சொன்னான்.

"அவன் மேல வார பந்துக்குக் கண்ண மூடுவான். சொல்லி வை" என்றார். "ஞாயித்துக்கெழம வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மற்ற மூவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். இசக்கிதுரை மட்டும் பரப்பிய பெட்டிகளுக்கு நடுவே நின்றார். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து விசில் சத்தமும், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்துவதும் கேட்டன. ஒருமுறை பெருங்கூச்சல் எழுந்தது. கோல் விழுந்துவிட்டது, எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. தண்டவாளம்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். போகவில்லை. அவருக்கு அன்று களத்தை விட்டு நகராமல் நிற்பதற்குத்தான் கூலி.