ஸ்ட்ராங்கா ஒரு ஸ்பிரிங்!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற வழியில், பாரிவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின் சீட்டிலிருந்து என் மனைவி சாந்தாவின் குரல் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க. மேல் மாடி நடு மாடிக்குள்ள எறங்கிடுச்சு."

பதற வேண்டாம். கட்டடம் எதுவும் இடியவில்லை. இடிந்தது ஒரு கேக். மூன்று அடுக்கு கேக். பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷமீமாவின் மகனுக்கு நிக்காஹ் முடிந்து, அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து. அதற்காக இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வராமல் சாந்தா செய்த கேக்.

இடித்தது யார்? நான்தான். ஆனால் அன்றைக்கு இல்லை... எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, ஒரே ஒரு வார்த்தையால் இடித்தேன்.

எங்கள் வீடு திருநின்றவூரில், ஏரியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வீடு கட்டி முடித்ததும் கிரகப்பிரவேசம். அது முடிந்ததும், மிச்சமான ஜல்லியையும் சிமென்ட்டையும் குழைத்து வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை! உயரம் அவரவர் மனசைப் பொறுத்தது. என் வாசலில் தொடங்கி மெயின் ரோடு போய்ச் சேருவதற்குள் ஒன்பது. அதில் ஒன்று நான் போட்டது என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என்னுடையது பத்து வயதான சின்ன கார். பின்னால் சாந்தா, பக்கத்தில் கேக் பெட்டிகள், டிக்கியில் ஸ்டாண்டும் மேஜையும் ஏறிவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு 'கர்ர்ர்' என்று உரசும். தெருவே திரும்பிப் பார்க்கும். எதிர் ஃப்ளாட் ஐ.டி. தம்பியின் உயரமான வண்டி மட்டும் அதே வேகத்தடையை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆவடியில் ஏழுமலையின் ஷெட்டுக்குப் போனேன். ஏழுமலை பல வருஷமாக என் காருக்கு டாக்டர். கையில் ஸ்பேனர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையைத்தான் பேசுவார். ஷெட்டை ஒட்டி டீக்கடை. இருவரும் அங்கே நின்றோம்.

"ஸ்பிரிங்கு தளந்து போச்சு அண்ணாத்தே. அதே சைஸுல புச்சு போட்டுக்கினா போதும்" என்றார் ஏழுமலை.

"அதைவிடக் கனமான கம்பியில கிடைக்குதாமே? எறங்கவே எறங்காதாமே?"

"கெடைக்குது. ஆனா தூக்கித் தூக்கிப் போடும். இது ஊட்டு வண்டி, ரேஸ் வண்டியா? நம்ம ரோடு இன்னா லட்சணத்துல கீதுன்னு உனக்கே தெரியும்."

அந்த நேரம் பார்த்து டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "சார், ஸ்ட்ராங்கா?"

"ஸ்ட்ராங்கா!" என்றேன். டீ மாஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்படியே ஏழுமலை பக்கம் திரும்பி, "ஸ்பிரிங்கும்தான்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் 'ஸ்ட்ராங்' என்ற வார்த்தைக்கு எதிர்ப்பேச்சு உண்டா? டீ ஸ்ட்ராங். பேஸ்மென்ட் ஸ்ட்ராங். 'பையன் மேத்ஸ்ல ஸ்ட்ராங்.' எது ஸ்ட்ராங்கோ அது நல்லது, ஆள் உட்பட. ஒரு ஸ்பிரிங்குக்கு வளைந்து கொடுப்பதுதான் உத்தியோகம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சொல்றத சொல்லிட்டேன். அப்பால வந்து என்னாண்ட கேக்கக் கூடாது" என்றார். நான் டீயை ஊதிக் குடித்தேன்.

முதல் வாரம் ராஜ வாழ்க்கை! கார் இரண்டு விரல் உயரம் கூடி நின்றது. ஒன்பது வேகத்தடையும் தாண்டினேன், ஒரு உரசல் இல்லை. வளைவில் திரும்பினால் சாய்வதில்லை. கேட்டவரிடம் எல்லாம், கேட்காதவரிடமும், "கல்லு மாதிரி நிக்குது சார்" என்று சொன்னேன்.

கல்லில் உட்கார்ந்து போனால் எப்படி இருக்கும்? அது இரண்டாம் வாரம் தெரிந்தது. ரோட்டில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தால்கூட முதுகெலும்புக்குத் தகவல் வந்தது. டாஷ்போர்டுக்குள்ளே ஏதோ ஒன்று 'டிக்டிக்' என்று பேச ஆரம்பித்தது. பிறகு கதவு அதனுடன் சேர்ந்துகொண்டது. மூன்றாம் மாதம் முன் கண்ணாடியின் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு முறை குதித்து நிற்காமல், மூன்று முறை தலையாட்டிவிட்டுத்தான் நின்றது. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

சாந்தாவால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்க முடியவில்லை. அவளுக்குக் கேக் இருந்ததே!

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒன்று, அவர்கள் சொந்தக்காரர்களுக்கு ஒன்று என்று தொடங்கி, வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் பேர் வாங்கியவள். இந்த வியாபாரத்தில் ருசி பாதி, போய்ச் சேருவது பாதி. எவ்வளவு அழகாகச் செய்தாலும், பெட்டியைத் திறக்கும் நிமிஷத்தில் ரோஜாப்பூ சரிந்து கிடந்தால் மானம் போய்விடும்.

"ஏங்க, வழியில இருக்கிற பள்ளம் எல்லாம் என் கேக்குல தெரியுது" என்றாள் ஒருநாள்.

"வெயில். க்ரீம் இளகுது" என்றேன்.

"ஏ.சி. ஓடுதுல்ல?"

"அப்ப க்ரீம்ல வெண்ணெய் பத்தல."

வெட்கம் கெட்டவன் நான். காய்கறி நறுக்கத் தெரியாத நான், கேக்கில் பேர் வாங்கியவளுக்கு வெண்ணெய்க் கணக்குச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து சின்ன ஆர்டர்களை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் கிளம்பிவிட்டாள். லேடீஸ் கம்பார்ட்மென்ட் நெரிசலில், அம்பத்தூர் வரை, ஒரு கீறல் இல்லாமல் கேக் போய்ச் சேர்ந்தது. வாசலில் கார் சும்மா நின்றது. எனக்கு உறைத்ததா? உறைத்தது. சொன்னேனா? இல்லை.

அப்போதுதான் ஷமீமாவின் ஆர்டர் வந்தது. சாந்தா அதுவரை செய்யாத பெரிய கேக். பூந்தமல்லியில் ஷமீமாவுக்குத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. பாத்திரம் வாங்க எல்லாரும் அங்கேதான் வர வேண்டும். இந்தக் கேக் நல்லபடியாகப் போய் மேஜையில் உட்கார்ந்தால் சாந்தா வேறு உயரத்துக்குப் போய்விடுவாள். உட்காராவிட்டால்... அத்தனை கல்யாண வீடும் பார்க்கும். மூன்று அடுக்கு ரயிலில் ஏறாது. பூந்தமல்லிக்கு மின்சார ரயிலும் கிடையாது. வேறு வழியில்லாமல் என் காரில் ஏறினாள். ஏறும்போது, "மெதுவா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

மெதுவாகத்தான் போனேன். தோண்டி மூடிய ஒரு பள்ளம். முன் சக்கரம் இறங்கியதும் 'டக்'கென்று ஒரு அடி, மேலே தூக்கிப் போட்டது. இறங்கும்போது இன்னொரு 'டக்'. அதோடு வண்டிக்கு அடியில் ஏதோ அறுந்த சத்தம். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல்.

ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். மேல் அடுக்கு சாய்ந்து நடு அடுக்கில் பாதி புதைந்திருந்தது. சாந்தாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. விழவில்லை. அதைப் பார்த்த பிறகு, வெயில், வெண்ணெய் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தப்பு என் மேலதான். ஸ்பிரிங்தான்" என்றேன்.

"எட்டு மாசமா எனக்குத் தெரியும்" என்றாள்.

அவ்வளவுதான் சண்டை. பையிலிருந்து கத்தியையும் மிச்ச க்ரீமையும் எடுத்தாள். மேல் அடுக்கை முழுசாகத் தூக்கித் தனித் தட்டில் வைத்தாள். நடு அடுக்கின் பள்ளத்தை நிரப்பி, வழித்து, சரிந்த பூக்களைப் பிடுங்கி அதன் மேல் நட்டாள். லாரிகள் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தன. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முடித்ததும் என்னைப் பார்த்து, "எறங்குங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னால உக்காருங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"கேக்க மடியில வெச்சுக்குங்க. வண்டியில ஸ்பிரிங் இல்ல. நீங்க ஸ்பிரிங்கா இருங்க."

இருந்தேன், ஸ்வாமி! பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி மண்டபம் வரை ஸ்பிரிங்காக இருந்தேன். பலகையோடு இரண்டு அடுக்கு கேக் கையில். பள்ளம் வரும்போது "வருது" என்பாள். நான் முழங்கையைத் தளர்த்தி, தொடையைக் கொஞ்சம் இறக்கி, அடியை வாங்கிக்கொண்டு, மெதுவாக மேலே வர வேண்டும். முதல் பள்ளத்தில் பயந்து கையை இறுக்கிப் பிடித்தேன். கேக் ஆடியது. "இறுக்காதீங்க! விட்டுக் குடுங்க!" என்று அதட்டினாள். இரண்டாவதில் விட்டுக் கொடுத்தேன். கேக் அசையாமல் இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அன்றைக்கு அந்தச் சாலையில்தான் அந்த வித்தை எனக்குப் பிடிபட்டது.

மண்டபத்தில் ஷமீமா வாசலுக்கே வந்துவிட்டார். கேக்கைப் பார்த்தார், எண்ணினார். "ரெண்டுதான் இருக்கு சாந்தாக்கா?"

நான் ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தேன். சாந்தா முந்திக்கொண்டாள். "மூணாவது வழியில சாஞ்சிருச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். அதைத் தனித் தட்டுல பொண்ணு மாப்பிள்ளை வெட்டறதுக்குன்னு சரி பண்ணிட்டேன். புடிக்கலைன்னா சொல்லுங்க."

ஷமீமா தனித் தட்டைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார், அதில் பாதி க்ரீம். வாசலில் மூக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்ற காரையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"மாஷா அல்லா, நல்லாத்தான் இருக்குக்கா. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனியா வெச்சது இன்னும் நல்லாருக்கு. அடுத்த மாசம் எங்க நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தம் இருக்கு, அதுக்கும் நீங்கதான். ஆனா ஒண்ணு... நாங்க பாத்திரம் ஏத்தற வண்டியை அனுப்பிடறோம். இந்த வண்டி வேணாம்."

அலுமினியக் குண்டானும் அண்டாவும் போகிற டெம்போவை நம்புகிறார்கள், என் காரை நம்பவில்லை. சாந்தா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் காலை ஏழுமலை வண்டிக்கு அடியில் படுத்தார். ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. அதைப் பிடித்திருக்கும் ரப்பர் அறுந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் புஷ் எல்லாம் பொடி. டயர் உள்பக்கமாகத் தின்னப்பட்டிருக்கிறது. ஷாக் அப்சார்பர் போய் முட்டுகிற இடத்தில் பாடியின் வெல்டிங்கில் ஒரு விரிசல்.

வெளியே வந்து கையைத் துடைத்தார். "ஒரு சாமான் மட்டும் புச்சா கீது அண்ணாத்தே. ஒரு கீறல் கெடையாது."

"எது?"

"ஸ்பிரிங்கு!"

அதன் மேல் செல்லமாகத் தட்டினார். "இது வாங்க வேண்டிய அடிய இது வாங்கல. அப்ப அந்த அடி எங்க போவும்? ஷாக்கு வாங்கிச்சு. அது தாங்கல, ரப்பரு வாங்கிச்சு. அதுவும் பூட்ச்சு, பாடி வாங்கிக்கினு கீது. இன்னும் ஆறு மாசம் ஓட்டினுருந்தா வண்டியே ரெண்டாப் பூடும். அப்பவும் இது இப்டியே பளபளன்னு இருக்கும்."

உங்களுக்கும் சிலரைத் தெரிந்திருக்கும். ஆபீஸில், அபார்ட்மென்ட் அசோசியேஷனில், சொந்தக்காரர்களில்... 'நான் வளையவே மாட்டேன் சார்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள். உண்மைதான், வளைய மாட்டார்கள். பி.பி. கிடையாது, சுகர் கிடையாது. அவர்களோடு வேலை செய்கிறவர்களும் வாழ்கிறவர்களும்தான் மாத்திரை சாப்பிடுவார்கள். நாம் அப்படிப்பட்டவரைப் பார்த்து, 'என்ன ஒரு ஸ்ட்ராங்கான மனுஷன்' என்று பாராட்டிவிட்டு வருவோம்.

வெல்டிங் செய்து, ஷாக், ரப்பர், புஷ் எல்லாம் மாற்றி, கம்பெனி அளவில் சாதா ஸ்பிரிங் போட்டாயிற்று. ஏழுமலை சரியென்றது சாந்தாவுக்குப் போதவில்லை. ஒரு குண்டான் நிறைய ரசத்தை மூடி போடாமல் பின் சீட்டில் வைத்து, ஒன்பது வேகத்தடையையும் தாண்டி வரச் சொன்னாள். வந்தேன். ரெண்டு சொட்டு சிந்தியிருந்தது. அது நான் போட்ட வேகத்தடையில். அதைக் கடப்பாரையால் உடைத்து எடுத்துவிட்டேன்.

கழற்றிய ஸ்ட்ராங் ஸ்பிரிங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை எடுத்துப் போய்ச் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள் சாந்தா. எவ்வளவு காற்றடித்தாலும் கதவு அசைவதில்லை.

"இதுக்குச் சரியான வேலை இதுதான். ஒரு எடத்துல கெட்டியா நிக்கும், யாருக்கும் வழி விடாது" என்றாள்.

சரி, ஸ்பிரிங்கைத்தானே சொன்னாள்... அப்புறம் ஏன் என்னைப் பார்த்தாள்?