தீவுக் கம்பெனிக்குச் சொந்தமான வீடு

ஆடிட்டர் ஆபீசில் அவரை எல்லோரும் தீவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பணக்காரர்களின் சொத்தை எங்கோ ஒரு தீவில் பதிவான கம்பெனியின் பெயருக்கு மாற்றி, வரிக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவுவதில் மனுஷர் கில்லாடி. அந்தத் தீவுகளில் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாலே கை கால் உதறும். "நான் நீச்சல் தெரியாத கப்பல் கேப்டன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஊரான் சொத்தை ஒளித்து ஒளித்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மிச்சமாகும் வரியில் ஒரு சோபா வாங்கலாம், அதுவும் தவணையில். ஆனால் கோடீஸ்வரன் செய்வதை நாமும் செய்கிறோம் என்ற கெத்து இருக்கிறதே, அதுதான் ஆளைப் பிடித்து ஆட்டியது. தன் வீட்டை ஒரு தீவுக் கம்பெனிக்கு எழுதிவைத்தார். கம்பெனிக்கு ஒரே முதலாளி மனைவி. காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மனைவியின் அக்கா புருஷனை இழந்து தனியாக நின்றாள். இங்கேயே வந்து இருக்கட்டும் என்றாள் மனைவி. வந்தால், அவருக்கென்று இருந்த ஒரே அறை பறிபோகும்.

"என் வீடு. நான் சொல்றதுதான்!" என்று குதித்தார்.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க வீடா? உங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே? கம்பெனி என்னுது. அக்கா வர்றா."

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து கம்பெனிப் பத்திரங்களில் ஓட்டை தேடினார். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அவரே கச்சிதமாக அடைத்திருந்தார். வீடு தன்னுடையது என்று சொல்ல ஒரே வழி, வரி அலுவலகத்துக்குப் போய்ச் செய்த தில்லுமுல்லை ஒப்புக்கொள்வது. அப்படியொரு யோசனையை எந்தக் கிளையண்டுக்கும் அவர் சொன்னதில்லை. தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"நான் இங்க இருக்கிறதுல உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே தம்பி?"

"என்னை எதுக்கு அண்ணி கேக்கறீங்க? நானே இங்க ஒட்டிக்கிட்டு இருக்கிறவன்தான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

எவ்வளவு பெரிய மனசு என்று அக்கா தேம்பி அழுதாள். பின்னால் நின்ற மனைவி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஒரு பைசா வரி கட்டாமல் வந்து சேர்ந்த நல்ல பெயர். அவருக்குத் தலை நிமிரவில்லை.