ரபாயேலின் விறகு ரயில்

எல்கடுவ தோட்டத்து ரபாயேல் ஒரு ரயில் கம்பனி நடத்துகிறார். சிரிக்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்பில் நீராவி எஞ்சினை அவரே செய்தார். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் தண்டவாளம் போட்டார்கள். லயத்திலிருந்து மாதா கோயில் வரை ஓடும். டிக்கெட்டுக்கு ஒரு துண்டு விறகு. எல்லாம் முழங்கால் வலிக்கார மனைவி அஞ்சலாவுக்காகத்தான். ஆனால் மனுஷன் அதைச் சொல்லமாட்டார். கல்யாணமான நாள்முதல் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தே பழகியவர்.

போன ஞாயிறு நல்ல மழை. விறகெல்லாம் நனைந்து, கோயில் ஏற்றத்தில் நெருப்பு அணையப் பார்த்தது. அஞ்சலா தன் ஊன்றுகோலை நீட்டினாள்.

"இது காஞ்ச கம்பு. போடுங்க."

"அப்புறம் எப்படி நடப்ப?"

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

ரயில் ஏறிவிட்டது. எல்லோரும் பூசைக்கு ஓடினார்கள். கைகோத்து வந்த இருவர் மட்டும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.