கண்ணாடியில் பார்த்தது

இன்று காலை ஏழு வயது மகளைப் பின்னால் உட்கார வைத்து, திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் பக்கம் பைக்கில் போனேன். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் இப்படிச் சுற்றுவது வழக்கம்.

வழியில் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். என் இடுப்பைப் பிடித்திருக்க வேண்டியவள் இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய் ஓரம் கட்டினேன்.

"கைய வுட்டா உழுந்துடுவடி. யாரு உனக்குக் கத்துக் குடுத்தது?"

"நீதாம்மா. போன வாரம் ஹேண்டில்பார வுட்டுட்டு கைய விரிச்சிக்கினு ஓட்டுனியே."



"இனிமே ரெண்டு பேருமே வுடக் கூடாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரமாகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவளோ அடுத்த வாரம் விழுப்புரம் வரை போகலாமா என்கிறாள்.

ஹெல்மெட் போட வைக்க ஒரு மாதம் கெஞ்சினேன். இதை மட்டும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானா?