உறை போட்ட செக் படங்களும் ஒரு சம்பந்தமும்

செக் நாட்டுப் படங்களையும் சுலோவாக்கியப் படங்களையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் ஆள் நாரந்தனையில் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத் தீவுப்பகுதி முழுவதிலும்கூட நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இன்னொருவர் இருந்திருந்தால் மாறி மாறி இரவல் வாங்கியிருக்கலாமே என்ற எரிச்சலில் சொல்கிறேன்.

கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பின்னேரம் மழைக்கு ஒதுங்கி ஒரு மண்டபத்துக்குள் போனேன். உள்ளே இலவசமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். செக் படம், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு குடும்பம் மேசையைச் சுற்றியிருந்து சூப் குடித்தது. சூப் முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் வண்டவாளம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மழை விட்ட பிறகும் நான் எழும்பவில்லை.

அந்த நாடு சண்டை பிடிக்காமல், பேசி, செக், சுலோவாக்கியா என்று இரண்டாகப் பிரிந்தது என்று பிறகு பேப்பரில் வாசித்தபோது ஆசை இன்னும் கூடிவிட்டது. சட்டி பானை பிரிப்பதுபோல நாட்டைப் பிரித்துக்கொண்டு, அடுத்த நாளும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்கும் சனங்கள் எப்படித்தான் இருப்பார்கள் என்று பார்க்க வேண்டாமா? நம்முடைய நாட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆசை இருந்ததே தவிர வழி இருக்கவில்லை. வழி பிறந்தது என் மனைவியின் தம்பியால். அவன் வியன்னாவில் குடியேறினான். அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் சுலோவாக்கியா. ஊருக்கு வரும் ஆட்களிடம் ஒவ்வொரு தடவையும் நாலைந்து டிவிடி கொடுத்துவிடுவான். கூடவே போனில் புறுபுறுப்பும் வரும்.

“அத்தான், எல்லாரும் சென்ட் கேக்கினம், சொக்லேட் கேக்கினம். உங்களுக்காக நான் கடை கடையா ஏறி இறங்கிறன். பாஷையும் தெரியாது. கடைக்காரி என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாள்.”

முதலில் வந்தவை இங்கே ஓடவில்லை. அந்த நாட்டு டிவிடியை இந்த நாட்டுப் பெட்டி ஏற்காதாம். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடைக்காரர் ரிமோட்டில் ஏதோ இலக்கங்களை அழுத்தி அந்தப் பூட்டை உடைத்துத் தந்தார். சிலவற்றில் ஆங்கில எழுத்து இருக்காது. மைத்துனன் உறையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்கிவிடுவான். அவற்றையும் நான் எறியவில்லை. பத்துத் தரம் பார்த்து, கதையை நானே ஊகித்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் இப்போது நெட்டில் கிடக்கிறதே என்று சொல்பவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்று போனில் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டுக் காட்டட்டும்.

எங்கள் உப்புக்காற்று யாரையும் மன்னிக்காது. கதவுப் பிணைச்சலே கரைந்து போகும் ஊரில் கடதாசி அட்டை எந்த மூலைக்கு? அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளுக்குப் போடுவதுபோல ஒவ்வொரு பெட்டிக்கும் மண்ணிறக் கடதாசியில் உறை போட்டேன். முதுகில் நானே ஒரு தமிழ்ப் பெயரும் எழுதினேன். தேக்கு அலுமாரியில் மேல்தட்டில் செக், கீழ்த்தட்டில் சுலோவாக்கியா. காற்றுப் புகாமல் இருக்கக் கதவை இறுக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு சேகரிப்பாளன் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதை வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தோன்றும் என்று நினைக்கவில்லை.

அது தெரியவந்தது மகளின் சம்பந்தப் பேச்சில். அவள் அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அங்கேயே படிப்பிக்கும் ஒரு பெடியனை அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு பேரும் கெட்டிக்காரர். பெரியவர்கள் பேசிச் செய்யும் கல்யாணம் போலவே காரியத்தை நகர்த்தினார்கள். பெடியனுக்குத் தகப்பன் இல்லை. தாயின் தமையன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அந்த மாமா முறைப்படி எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க நாரந்தனைச் சந்திக் கடைக்கு வந்து ஒரு பிளேன்ரீ குடித்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

“அப்பா, கடையிலை என்ன சொல்லியிருக்கினம் தெரியுமே? நல்ல குடும்பமாம். தாய் நல்ல மனுசியாம். தகப்பன் மட்டும் அலுமாரி நிறைய வெளிநாட்டுப் படம் வைச்சிருக்கிறாராம். வெளியிலை தெரியாமல் உறை போட்டு, பூட்டி வைச்சுத் தனியப் பாக்கிறவராம்!”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. வெளிநாட்டுப் படம் என்றால் எங்கள் சந்தியில் ஒரேயொரு வகைப் படம்தான். ஊருக்குள் நான் போகும்போது வாலிபர்கள் சிலர் எனக்குக் காட்டிவந்த விசேஷ மரியாதையின் காரணமும் அப்போதுதான் பிடிபட்டது.

மனைவி சொன்ன வழி சுருக்கமானது. “இஞ்சாருங்கோ, எல்லாத்தையும் சாக்கிலை கட்டி வடலிக்குள்ளை தாட்டுவிடுங்கோ. கலியாணம் முடியக் கிண்டி எடுக்கலாம்.”

“தாட்டா, இருந்தது உண்மையெண்டு நாங்களே சொன்ன மாதிரி” என்றேன். உறைகளையெல்லாம் கழற்றிவிட்டு அட்டைகளை ஊருக்குக் காட்டலாம் என்று முதல் பெட்டியைப் பிரித்தேன். ஒரு பெண் ஆற்றில் குளிக்கும் படம். அருமையான படம், கூட்டுறவுப் பண்ணை ஒன்றைப் பற்றியது, ஆனால் அட்டையைப் பார்த்து யார் அதை நம்புவான்? பிரித்த கைவாக்கிலேயே திரும்ப உறை போட்டேன்.

மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். “அப்பா, நான் உங்களிட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. உந்தப் பெட்டியளாலை இது குழம்பினா என்னாலை தாங்க ஏலாது.”

சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னதால் பயந்துபோனேன். “வீடு பாக்க வரச் சொல்லு பிள்ளை. வந்து தங்கட கண்ணாலை பாக்கட்டும்” என்றேன். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதப்போவது; வந்து பார்ப்பது அவர்களின் உரிமையும்கூட.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு படகில் வந்தார்கள்: பெடியன், தாய், மாமா. தாய் மெலிந்த, அதிகம் பேசாத மனுசி. மாமா அவருக்கும் சேர்த்துப் பேசினார். மனைவி சாப்பிட வற்புறுத்தியபோது அவர் கையை உயர்த்தினார். “குறை நினைக்காதையுங்கோ. எங்கட பகுதியிலை சம்மதம் சொல்லாத வீட்டிலை சோறு தின்னுறேல்லை. தின்னிட்டா சம்பந்தத்தை முற்றாக்கின மாதிரி.” தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மாமா கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரை ஓடுகளைப் பார்த்தார், குசினிப் புகைக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் எதிர்பார்த்தபடியே அலுமாரியின் முன்னால் வந்து நின்றார். நான் அவர் கேட்பதற்கு முன்பே சாவியை எடுத்துத் திறந்தேன். மண்ணிற உறைகள் வரிசையாக நின்றன. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

“ஒண்டைப் போட்டுக் காட்டுங்கோவன்” என்றார் மாமா. நான் எடுக்கக் கை நீட்டினேன். “இல்லையில்லை, நான் எடுக்கிறன்” என்று கீழ்த்தட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். ஆற்றில் குளிக்கும் பெண் மேல்தட்டில் இருந்தாள், தப்பினேன். ஆனால் அவர் உருவியது ஆங்கில எழுத்தே இல்லாத சுலோவாக்கியப் படம்.

எல்லோரும் ஹோலில் கதிரைகளில் இருந்தோம். மகள் குசினி வாசலில் நின்றாள். மலையடிவாரம், மழை, மரவீடு இரண்டு, நடுவில் ஒரு மரவேலி. மாமா நாற்காலி நுனியில் இருந்தபடி எப்போது வரும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது ஒரு சினைப்பசு. ஒரு வீட்டுக்காரன் வெளியே வந்து வேலியைப் பார்த்துக் கத்தினான். மற்ற வீட்டுக்காரன் திரும்பக் கத்தினான்.

“என்னவாம்?” என்றார் மாமா.

“வேலி தள்ளிப் போட்டிருக்காம்” என்றேன். அது என் ஊகம்தான். ஆனால் மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவருக்கே பக்கத்து வளவோடு ஒரு வேலி வழக்கு நெடுங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“இரவோட இரவா வேலிக் கதியாலை அரக்கிப்போட்டிருக்கிறான் கள்ளன்!” என்று கதிரையை முன்னுக்கு இழுத்தார். “உந்த மெல்லிய ஆள்தான். முழியைப் பாத்தாலே தெரியுது.”

படம் மெல்லிய ஆளின் வீட்டுக்குள் போனது; ஒரு கிழவி அவருக்கு முன்னால் கோப்பையை வைத்தாள். “மெல்லிய ஆள் நல்லவர். அந்தக் கிழவி அவர்ரை தாய்...” என்று விளக்கத் தொடங்கினேன்.

“தாயில்லை” என்றார் பெடியனின் தாய். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. “மாமி. பாருங்கோ, கோப்பையை அவருக்கு முன்னாலை வைக்கேக்கை முகத்தைத் திருப்புறா. எந்தத் தாய் அப்பிடி வைப்பா? பெண்சாதி செத்த பிறகும் இந்த ஆள் மாமியைக் கைவிடாமல் பாக்கிறார்.”

நான் அந்தப் படத்தைப் பத்துத் தரம் பார்த்தவன். பத்துத் தரமும் தாய் என்றே நினைத்தேன். மாமி என்று வைத்துப் பார்த்தால், எனக்கு விளங்காமல் கிடந்த அத்தனை காட்சிகளும் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து விழுந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து அவரைக் கும்பிட்டிருப்பேன். இவ்வளவு காலமும் தனியாகவே பார்த்துப் பழகிய எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து பார்ப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

பசு கன்று போடக் கஷ்டப்பட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் தன் வீட்டு யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான், போவதா விடுவதா என்று. பெடியன் மெதுவாக, “மாமா, வள்ளம்...” என்றான்.

“பொறும் தம்பி. உவன் வாறானோ இல்லையோ எண்டு பாப்பம்.”

அவன் வந்தான். வேலியைத் தாண்டி, சேற்றில் முழங்காலில் இருந்து, சண்டைக்காரனோடு சேர்ந்து கன்றை இழுத்தான். பெடியனின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். படம் முடிந்தபோது வேலி அதே இடத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி மாமா என்னோடு நெடுநேரம் வாதாடினார். வெளியே வந்து பார்த்தால் வெயில் சாய்ந்திருந்தது. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் கடைசிப் படகு போய்விட்டது.

“பக்கத்திலை சுருவிலிலை எங்கட சொந்தம் இருக்கு. அங்கை போய்ப் படுப்பம்” என்றார் மாமா. ஆனால் வெறும் வயிற்றோடு அனுப்ப மனைவிக்கு மனம் வரவில்லை. அதேவேளை அவர்களை இக்கட்டில் மாட்டவும் விரும்பவில்லை. சோற்றை விட்டுவிட்டுப் புட்டு அவித்தாள்.

மாமா புட்டைக் கண்டதும் ஆறுதலாகக் கையைக் கழுவினார். “புட்டுத்தானே, அதுக்குக் கணக்கில்லை. வீட்டை போய் யோசிச்சு ஒரு முடிவு சொல்லி அனுப்பிறம்.”

குசினி வாசலில் நின்ற மகள் நிலத்தைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெடியனின் தாய் தன் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். “அண்ணை, நீங்கள் புட்டைத் தின்னுங்கோ” என்று தமையனிடம் சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். “தங்கச்சி, மத்தியானச் சோறு மிச்சம் இருக்கோ? எனக்குச் சோறு போடுங்கோ.”

மனைவி புட்டுக்கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். மாமா தங்கையைப் பார்த்தார், பெடியனைப் பார்த்தார், பிறகு ஒரு பெருமூச்சோடு தன் தட்டையும் தள்ளி வைத்தார்.

“அப்ப எனக்கும் சோறுதான்.”

பானையில் இருந்த ஆறின சோறு ஒருவருக்கே போதாது. மகள் உலை வைக்கப் போனாள். அரிசி களையும் சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது ஹோலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.